நான்கு சொற்களுக்குப் பொதுவானது எது? சொற்கூட்டப் புதிர்களைத் தமிழில் அவிழ்ப்பதும் அமைப்பதும்

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்திவரும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒரு பயிற்சித்தாளில் ‘கெடிலம், வெள்ளாறு, பரவனாறு, பாலாறு: இவற்றுள் பொருந்தாதது எது?’ என்று இருந்ததாம். விடைப்பகுதியில் பாலாறு என்று போட்டிருக்க, ஒரு மாணவர் கெடிலம் என்று எழுதிவிட்டார். அவருக்கு மதிப்பெண் கொடுக்கலாமா? மேலும், சொற்களிடையே உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சொற்கூட்டப் புதிர்களை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தால் வகுப்பில் சப்பென்று போய்விடுகிறது என்றும், தமிழிலேயே இவற்றை அமைப்பது எப்படி, அவிழ்க்கும் வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எப்படி என்றும் கேட்டிருக்கிறார். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் இத்தகைய புதிர்களை எழுதி வந்தவன் என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் மாணவரின் விடை. கெடிலம், வெள்ளாறு, பரவனாறு ஆகிய மூன்றும் கடலூர் மாவட்டத்தின் வழியே ஓடுபவை. பாலாறு வேலூர், காஞ்சிபுரம் வழியாகச் சென்று வடக்கே கடலில் கலப்பது. கேள்வி எழுதியவர் இதைத்தான் நினைத்திருக்கிறார். மாணவரோ சொற்களின் வடிவத்தைப் பார்த்திருக்கிறார்: மூன்று பெயர்கள் ‘ஆறு’ என்று முடிகின்றன, கெடிலம் முடியவில்லை. இரண்டு காரணங்களும் ஐயத்துக்கு இடமின்றிச் சரியானவை. எனவே முழு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். தவறு கேள்வியில் இருக்கிறது.

‘பொருந்தாததைக் கண்டுபிடி’ என்னும் வகைக்கே இந்தக் குறை உண்டு. எந்த நான்கு சொற்களை எடுத்துக்கொண்டாலும், சற்று முயன்றால் அவற்றுள் ஏதேனும் ஒன்றை வெளியே தள்ள ஒரு காரணம் கிடைத்துவிடும்; நன்றாகச் சிந்திக்கும் பிள்ளை நான்கையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக் காட்டும். விடை எழுதியவரின் மனத்தில் இருந்தது எது என்று ஊகிப்பதே தேர்வாகிவிடுகிறது. பல சொற்களைக் கலந்து கொடுத்து, ஒன்றும் மிச்சமில்லாமல் குழுக்களாகப் பிரிக்கச் சொல்லும் வகை இதைவிட நேர்மையானது. ஒரு குழுவைத் தவறாகப் பிடித்தால் மற்றொரு குழுவுக்கு ஆள் குறையும்; புதிரே தவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும். பி.பி.சி. தொலைக்காட்சியில் 2008-இல் தொடங்கிய ‘ஒன்லி கனெக்ட்’ நிகழ்ச்சியில் பதினாறு சொற்களை நான்கு நான்காகப் பிரிக்கும் சுற்று ஒன்று உண்டு. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2023-இல் தொடங்கிய ‘கனெக்ஷன்ஸ்’ என்னும் இணையப் புதிரும் இதே அமைப்புடையது. அதில் நான்காவது பிழையோடு ஆட்டம் முடிந்துவிடும். உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்திருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

வடிவம் அயலிலிருந்து வந்ததாக இருந்தாலும், இதற்கு வேண்டிய சரக்கு நம்மிடம் நெடுங்காலமாகவே இருக்கிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த சூடாமணி நிகண்டு என்னும் செய்யுள் அகராதியில் பன்னிரண்டு தொகுதிகள் உண்டு. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று செல்லும் முதற் பத்துத் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுக்கின்றன. பதினோராவது ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’. அதாவது, ஒரே சொல் பல பொருள்களுக்கு உரியதாக இருப்பது. பன்னிரண்டாவது ‘பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி’. பல பெயர்கள் ஒரு கூட்டமாக நின்று ஒரே பெயரைப் பெறுவது. புதிர் அமைப்பவருக்கு வேண்டிய எல்லாம் இந்தப் பிரிவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. பன்னிரண்டாவது தொகுதி குழுவைத் தருகிறது. பதினோராவது தொகுதி அந்தக் குழுவுக்குள் இழுத்துச் சிக்கவைக்கும் பொய்த்தோற்றத்தைத் தருகிறது. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடிய காளமேகப் புலவரும், தொடர்பில்லாத இரண்டு பொருள்களுக்கு ஒரே தொடர் பொருந்துவதைத்தான் காட்டினார்.

சொல்வதைவிட ஒன்றைச் செய்து காட்டுவது மேல். கீழ்க்காணும் பன்னிரண்டு சொற்களை நான்கு நான்காக மூன்று குழுக்களாகப் பிரிக்க வேண்டும்:

களிறு, குட்டை, ஏரி, விலங்கு, கயம், பிடி, குளம், வேழம், வினை, கேணி, கரி, ஊருணி.

பிள்ளைகளிடம் கொடுத்தால் முதலில் ஏரி, குளம், கேணி, ஊருணி என்று நீர்நிலைகளைச் சொல்வார்கள். உடனே ஒருவர் ‘குட்டையும் இருக்கிறதே’ என்பார். யானைக்குக் களிறு, வேழம், கரி, பிடி என்று நான்கு வரும். கயம் என்ற சொல்லைத் தெரிந்தவர் சிலரே இருப்பார்கள். தெரிந்தவருக்கோ குழப்பம் கூடும், ஏனெனில் அது யானைக்கும் பெயர், குளத்துக்கும் பெயர். இப்படியாக நீர்நிலைக்கு ஆறு சொல்லும் யானைக்கு ஐந்து சொல்லும் கிடைத்துவிடுகின்றன. எந்த நான்கை வைத்துக்கொள்வது, எவற்றைக் கைவிடுவது என்று அந்தப் பக்கத்திலேயே நின்று யோசித்தால் வழி பிறக்காது.

இங்கேதான் அவிழ்க்கும் முறையைச் சொல்லித்தர வேண்டும். சுலபமாகக் குழுச் சேரும் சொற்களை விட்டுவிட்டு, எங்கும் ஒட்டாமல் தனியே நிற்கும் சொல்லைப் பிடிக்க வேண்டும். மேலே உள்ளவற்றுள் அப்படி நிற்பது வினை. அது நீர்நிலையும் அன்று, யானையும் அன்று. வினையின் பொருளை வைத்துத் தேடினால் பெயர், இடை, உரி என்று இலக்கணம் நினைவுக்கு வரும். அவை பட்டியலில் இல்லை. அப்படியானால் பொருளை விட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன சேரும் என்று பார்க்க வேண்டும்: நல்வினை, தீவினை, செய்வினை, கைவினை. அடுத்துத் தனியே நிற்பது விலங்கு. அதற்கு முன் கால் வரும், கை வரும். இரண்டுக்கும் பொதுவாகக் கை கிடைத்தவுடன், யானைக் கூட்டத்திலிருந்து பிடியும் நீர்நிலைக் கூட்டத்திலிருந்து குட்டையும் தாமாகவே எழுந்து வந்துவிடுகின்றன: கைப்பிடி, கைக்குட்டை, கைவினை, கைவிலங்கு. இப்போது யானைக்குக் களிறு, வேழம், கரி ஆகிய மூன்றே எஞ்சுவதால் கயத்தின் இடமும் ஐயமின்றித் தீர்ந்துவிடுகிறது. பொருள் தெரியாத பிள்ளையும் கயம் என்றால் யானை என்பதை அகராதி இல்லாமலே அறிந்துகொள்கிறது. இப்படிப் புதிரின் அமைப்பே ஒரு சொல்லைக் கற்றுக் கொடுத்துவிடும் கணத்தை வகுப்பில் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு இந்தப் பழக்கத்தை விடமாட்டார்கள்.

ஒட்டிப் படிக்கும் இந்த வகையில் சந்தியைக் கவனிக்க வேண்டும். கைப்பிடியில் ப் மிகுகிறது, கைவினையில் ஒன்றும் மிகவில்லை. ஒற்று மிகுவதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஏனெனில் மூலச்சொல் சிதையாமல் அப்படியே நிற்கிறது. சேர்க்கையில் சொல்லே உருமாறுமானால் தவிர்த்துவிடுகிறேன்; பல் என்பது பற்பொடியிலும், மரம் என்பது மரக்கிளையிலும் தம் உருவை இழந்துவிடுகின்றன. இந்த வரம்பை ஆட்டத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

மொழிபெயர்ப்பு ஏன் சப்பென்று போகிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஆங்கிலத்தில் கிரிக்கெட் மட்டைக்கும் வௌவாலுக்கும் ‘பேட்’ என்று ஒரே சொல். அந்த இருபொருளை நம்பி அமைத்த புதிரை மட்டை என்று பெயர்த்தால் வௌவாலுக்கு அங்கே இடமே இல்லாமற் போகிறது. எஞ்சுவது விளையாட்டுச் சாமான்களின் பட்டியல் மட்டும்தான். ஆனால் மட்டை என்ற தமிழ்ச் சொல்லுக்கு அதற்கேயுரிய சுற்றம் உண்டு. தென்னை, பனை, கிரிக்கெட் என்று மூன்றைச் சொல்லி, மூன்றோடும் சேரும் ஒரு சொல் எது என்று கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுக் குழந்தையும் முயன்று பார்க்கும். மூன்று சொல் கொடுத்து, அவற்றை இணைக்கும் நான்காவது சொல்லைக் கேட்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் சார்னோஃப் மெட்னிக் 1962-இல், படைப்பாற்றல் பற்றிய தம் கொள்கையோடு சேர்த்து முன்வைத்தார். தொலைவில் கிடக்கும் இரண்டு எண்ணங்களை மனம் எப்படி ஒன்று சேர்க்கிறது என்பதே அவருடைய அக்கறை. தமிழில் இதற்கு நான் கொடுக்கும் எடுத்துக்காட்டு: வாழைப்பழம், தலைமுடி, கல்யாணம். விடை சீப்பு. முதலிரண்டும் எளிது, மூன்றாவதற்கு, சீப்பை ஒளித்துவைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்ற பழமொழி காதில் விழுந்திருக்க வேண்டும். பழமொழியும் வழக்கும் தெரிந்தவருக்கு மட்டுமே அவிழும் முடிச்சு எந்த மொழியிலிருந்தும் பெயர்த்து வராது.

அமைக்கும் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது, குழுவின் பெயரை முதலில் ஒரு முழு வாக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே. அந்த வாக்கியம் நான்கு சொற்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும். பலகையில் உள்ள மற்ற சொற்களை வெளியே நிறுத்தவும் வேண்டும். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை பிழைபட்டேன். பாரதி, அரவிந்தர், வ.வே.சு. ஐயர், பாரதிதாசன் ஆகிய நால்வரையும் ஒரு குழுவாக்கி, ‘புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தவர்கள்’ என்று விடை எழுதியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, ‘ஐயா, பாரதிதாசன் அங்கேயே பிறந்தவர் ஆயிற்றே, அவர் எங்கே அடைக்கலம் புகுந்தார்?’ என்று கேட்டாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. பாரதி 1908-இல் வந்தவர். அரவிந்தரும் ஐயரும் 1910-இல் வந்தவர்கள். மூவரும் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்குள் வந்தார்கள். பாரதிதாசன் 1891-இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். ‘புதுச்சேரியில் வாழ்ந்தவர்கள்’ என்று எழுதியிருந்தால் நால்வரும் அடங்கியிருப்பார்கள். ஆனால் அது மிகவும் அகலமான பெயர், பலகையில் உள்ள வேறு யாரையும் உள்ளே விட்டுவிடும். பெயரை இறுக்கினால் ஆள் குறைகிறது, தளர்த்தினால் வேண்டாதவர் நுழைகிறார்கள். இந்த இழுபறியைத் தீர்ப்பதில்தான் அமைப்பவரின் உழைப்பு பெரும்பாலும் செலவாகிறது.

இதே இடத்தில் இன்னொரு குழுவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜன்னல், சாவி, மேசை, பாதிரி. முதல் மூன்றைப் பார்த்ததும் வீட்டுப் பொருள் என்று தோன்றும். பாதிரி அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும். நான்கும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. புதுச்சேரிப் பிள்ளைகள் பிரெஞ்சு என்று சொல்லக்கூடும். ஊரின் வரலாறு அப்படி எண்ணவைக்கிறது. போர்த்துக்கீசியர் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டவர்கள் என்று அப்போது சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் பாதிரிக்குத் தமிழிலேயே இன்னொரு வாழ்வு உண்டு. அது ஒரு மரம், அதன் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களுள் ஒன்று. எங்கள் ஊர்க் கோயிலின் தலமரமும் அதுவே. பாதிரி மரத்தடியும், புலிக்கால் முனிவர் வழிபட்டார் என்னும் வரலாறும் சேர்ந்துதான் திருப்பாதிரிப்புலியூர் என்று பெயராயிற்று. ஆகவே அதே பலகையில் வேங்கை, தில்லை, வஞ்சி என்று குறிஞ்சிப்பாட்டுப் பூக்கள் மூன்றை வைத்தால் பாதிரி இரண்டு பக்கமும் இழுக்கப்படும். அப்போது பூக்களுக்கு நான்காவதாகக் காஞ்சியைச் சேர்த்துவிட வேண்டும். போர்த்துக்கீசியக் குழுவுக்குப் பாதிரியைத் தவிர வேறு நான்காவது சொல் பலகையில் இருக்கக்கூடாது. அப்படி வைத்தால் இழுப்பும் இருக்கும், முடிவும் ஒன்றே ஒன்றாக இருக்கும். அலமாரியும் போர்த்துக்கீசியச் சொல்தான். மறந்துபோய் அதையும் சேர்த்துவிட்டால் புதிர் இரண்டு விடைகளோடு உடைந்துவிடும்.

முக்கனி, நாற்படை, ஐந்திணை, அறுசுவை என்று நம்மிடம் ஆயத்தமாக இருக்கும் தொகைகளை அப்படியே குழுவாக வைப்பதை நான் விரும்புவதில்லை. அது மனப்பாடத்தைச் சோதிக்குமே தவிரத் தேடலைத் தூண்டாது. தூண்டிலில் இரையாக வைப்பதற்கு மட்டும் அவை மிகவும் ஏற்றவை. பலகையில் மா, பலா, வாழை மூன்றும் இருந்தால் யாரும் முக்கனி என்பார்கள். பக்கத்தில் முந்திரி இருந்தால் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ‘பண்ருட்டி’ என்று கூவிவிடுவார்கள், பலாவும் முந்திரியும் சேர்ந்து கண்ணில் படுகிற ஊர் அது. கூடவே காணி, அரைக்கால் என்று இரண்டு சொற்களை வைத்துவிட்டால் கதை மாறிவிடும். பழைய தமிழ்க் கணக்கில் அரைக்கால் எட்டில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. எங்கள் பக்கத்து விவசாயிகள் இன்றும் நிலத்தைக் காணிக்கணக்கில் பேசுவதால், காணி என்ற சொல்லைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். அது ஒரு பின்னத்தின் பெயர் என்பது புதிதாக இருக்கும். உள்ளூர் அறிவு தூண்டிலாகவும் இருக்கலாம், திறவுகோலாகவும் இருக்கலாம். ஆனால் திறவுகோல் ஒன்றே ஒன்றாகவும் அது உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரிந்ததாகவும் இருந்தால், மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைக்கு அது அநீதி. மற்ற குழுக்களை முடித்துவிட்டு எஞ்சியதைக் கொண்டு அங்கே வந்து சேரும் வழி இருக்க வேண்டும்.

எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி, பல்லாங்குழி, தலையணை, வாய்தா ஆகிய நான்கும் உடலுறுப்புகளில் தொடங்குபவை. வாய்தாவுக்குப் பக்கத்தில் வக்கீல், ஜப்தி, ஜாமீன் என்று வைத்தால் நீதிமன்ற வாசனை அடித்து எல்லோரையும் வழிதவறச் செய்யும். ஜாமீனுக்குள் ஒரு மீன் வேறு இருக்கிறது, அம்புலிக்குள் ஒரு புலி இருப்பதைப் போல. இந்த வகையில் எழுத்தை அப்படியே கொள்வதா, ஒலியைக் கொள்வதா என்று முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பல்லாங்குழியில் பல் எழுத்தாகவே நிற்கிறது. காலாண்டில் கால் ஒலியில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. நான் எழுத்தாக நிற்பதை மட்டுமே வைக்கிறேன், ஏனெனில் பலகையைப் பார்த்துத் தேடும் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரிவதே சான்று.

எழுதி முடித்த புதிரை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் வேறு வேறு வயதுடைய மூவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் விடையைச் சொல்லும்போது குறுக்கிடாமல், எந்தக் காரணத்தால் எந்தச் சொல்லை எங்கே வைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைத்தே பாராத ஒரு குழுவை மூவரில் ஒருவராவது கண்டுபிடிப்பார். அது உங்களுடையதைவிட நன்றாக இருந்தால் தயங்காமல் அதையே விடையாக வைத்துப் புதிரைத் திருத்திக்கொள்ளலாம்.

கெடிலம் என்று எழுதிய மாணவரிடம் மதிப்பெண்ணைக் கொடுத்த பிறகு ஒரு வேலையும் கொடுங்கள். அவருடைய காரணத்துக்கு மட்டும் பொருந்தும் ஐந்தாவது ஆறு ஒன்றையும், பயிற்சித்தாளின் காரணத்துக்கு மட்டும் பொருந்தும் ஐந்தாவது ஆறு ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். முதலாவதற்குச் செய்யாறு என்று எழுதலாம், அது ஆறு என்று முடிகிறது, கடலூர் மாவட்டத்தில் ஓடவில்லை. இரண்டாவதற்குத் தென்பெண்ணை என்று எழுதலாம். பிறகு இரண்டு காரணங்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஓர் ஆற்றைக் கேளுங்கள். விருத்தாசலத்துக்குப் போய்வந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், மணிமுத்தாறு என்று சொல்லிவிடும்.